பேய்க்கதைக்கு யார் திரைக்கதை எழுதுவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலை வாசித்த கையோடு ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தையும் பார்த்தேன். படம் வேறொரு கதையாகவே இருந்தது. கிங்கே திரைக்கதை எழுதியிருந்தால் இந்தச் சேதம் நேர்ந்திருக்காது அல்லவா?

வாசகர், பாறசாலை

அன்புள்ள நண்பருக்கு,

கிங்கே எழுதிய வடிவமும் இருக்கிறது. 1977இல் வந்த நாவலை 1980இல் குப்ரிக் எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. சிறிது சிறிதாகச் சிதைய வேண்டிய ஜாக் டோரன்ஸ் என்ற தந்தை படத்தில் தொடக்கத்திலேயே பித்தேறியவனாகத் தெரிகிறான் என்பது அவருடைய குறை. அது நியாயமான குறைதான். 1997இல் அவரே திரைக்கதை எழுத, மிக் காரிஸ் அதைத் தொலைக்காட்சித் தொடராக இயக்கினார்.

நாவலில், விலங்கு உருவங்களாகக் கத்தரித்து விடப்பட்ட புதர்கள், பார்வையை விலக்கித் திரும்பும்போது சற்று நெருங்கியிருக்கும். தொடரிலோ அவை கணினி வரைகலையில் கண்ணெதிரே அசைந்து வருகின்றன. பயம் அங்கேயே போய்விடுகிறது. நம் களியக்காவிளைப் பக்கத்தில் யட்சிக் கதை சொல்லும் கிழவிகள், அவள் வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டாள் என்பார்கள், விடிந்தபோது பனைமூட்டில் பல்லும் நகமும் மட்டும் கிடந்தன என்பார்கள். இடையில் நடந்ததைச் சொல்லவே மாட்டார்கள். குப்ரிக் அந்தப் புதர் விலங்குகளை விட்டுவிட்டு, செடிச்சுவர்களாலான புதிர்ப்பாதையை வைத்தார். பனியில் பதிந்த தன் காலடித் தடங்களின் மீதே பின்னோக்கி நடந்து சிறுவன் தந்தையை ஏமாற்றும் காட்சி நாவலில் இல்லை. ஆனால் பெற்ற தகப்பனே வேட்டையாட வரும் குழந்தையின் திகில், நாவலின் உயிரான அந்தத் திகில், அதில் முழுமையாக இருக்கிறது.

கிங்கும் மாற்றங்களை எப்போதும் மறுத்தவரல்லர். அவருடைய ‘தி மிஸ்ட்’ குறுநாவல் மங்கலான ஒரு நம்பிக்கையோடு முடிகிறது. 2007இல் ஃபிராங்க் டாரபாண்ட் அதை மிகக் கொடூரமான முடிவாக மாற்றியபோது, கிங் அதை மனமாரப் பாராட்டினார்.

எழுத்தாளரே எழுதி வெற்றி பெற்றதற்கு மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைத்தான் சொல்வேன். ‘நீலவெளிச்சம்’ கதையில், பேய் வீட்டில் தனியே குடியேறும் எழுத்தாளன், இறந்துபோன பார்கவியோடு உடன் வசிப்பவளிடம் பேசுவதுபோலப் பேசுகிறான். மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது, குப்பியோடு போய் வாங்கித் திரும்பினால், அறை முழுக்க நீல வெளிச்சம், எண்ணெயற்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஏற்றியது யார் என்று கதை சொல்வதில்லை. அந்த மௌனம் முழுநீளப் படத்துக்குத் தாங்காது என்று உணர்ந்த பஷீர், 1964இல் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’ படத்துக்காகப் பார்கவியின் காதலை விரித்து, ஒரு கொலையையும் புதிதாக எழுதினார். தன் கதையைக் கட்டிக் காக்க அவர் முயலவில்லை; ஆளில்லாத அறைகளைப் பார்த்து அந்த மனிதன் பேசும் பரிவான குரலை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். இயக்கிய ஏ. வின்சென்ட், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். எழுத்தாளனாக நடித்த மது தனியாகப் பேசியபடி அந்த வீட்டில் நடமாடும் நீண்ட தொடக்கப் பகுதியில் வின்சென்ட்டின் ஒளியும் நிழலும் செய்யும் வேலையைப் பாருங்கள்.

மலையாளம் உங்களுக்குக் கைவந்த மொழி என்பதால், கதையை மூலத்திலேயே வாசித்துவிட்டுப் படத்துக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.