கடன் வாங்கி வாங்கிய என்விடியா

கேள்வி: மேடவாக்கத்தில் வீடு, ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை. அமெரிக்காவில் சிப் டிசைனராக இருக்கும் மச்சான் சொன்னாரென்று, போன வருடம் 6 லட்சம் பர்சனல் லோன் (14%, 5 வருடம்) எடுத்து, ஏ.ஐ சிப் விற்கும் அமெரிக்கக் கம்பெனி என்விடியாவின் பங்கு வாங்கினேன். இப்போது மதிப்பு 7 லட்சம். கூகுள், அமேசான், இன்னொரு சிப் கம்பெனியான ஏ.எம்.டி எல்லாரும் போட்டிக்கு வருவதாகப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. "அப்போ ஏ.எம்.டியும் வாங்கிடு, தங்கச்சி நகையை வச்சு நாலு லட்சம் புரட்டு" என்கிறார் மச்சான். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

போட்டி உண்மைதான். என்விடியாவின் பெரிய வாடிக்கையாளர்களே சொந்தமாகச் சிப் வடிவமைக்கிறார்கள். கூகுள் 2015 முதலே தன் டி.பி.யூ சிப்பைப் பயன்படுத்துகிறது; அமேசானிடம் டிரெய்னியம், மைக்ரோசாஃப்ட்டிடம் மையா. அந்தப் பக்கம் என்விடியாவுக்கு, அதன் சிப்களுக்குப் புரோகிராம் எழுத உதவும் 'குடா' மென்பொருள் பெரிய பலம். பல வருடமாக அதில் பழகியவர்கள் சட்டென்று மாற மாட்டார்கள். இந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் உங்கள் ஈ.எம்.ஐ தேதி தவறாமல் வரும்.

கணக்கைப் பாருங்கள். மாதம் சுமார் 14,000. ஒரு வருடத்தில் கட்டியது 1.68 லட்சம், பாக்கி இன்னும் 5.1 லட்சம். இன்று விற்றால் 7 லட்சம். இரண்டு வருடம் ஆகாததால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். உங்கள் வரி 30% என்றால் ஒரு லட்சம் லாபத்தில் 30,000 போகும். கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணம் 20,000 என்று வைப்போம். கடன் பாக்கியும் போகக் கையில் மிஞ்சுவது 1.4 லட்சம்; கட்டியதோ 1.68 லட்சம். பங்கு ஏறியும் உங்களுக்கு நஷ்டம்!

இறங்கினால்? 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் என்ற மலிவான ஏ.ஐ வந்த பயத்தில் என்விடியா ஒரே நாளில் 17% விழுந்தது. உங்கள் 6 லட்சத்தில் அது ஒரு லட்சம், ஏழு மாத ஈ.எம்.ஐ. அன்று ஏ.எம்.டியும் சேர்ந்துதான் விழுந்தது. இரண்டுக்குமே முக்கியச் சிப்களைச் செய்து தருவது தைவானின் டி.எஸ்.எம்.சி, வாங்குவதும் அதே பெரிய கம்பெனிகள். ஏ.எம்.டியும் இருந்தால் பாதுகாப்பு என்று மச்சான் நினைக்கிறார்; அது இதில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் அனுப்பக் கடன் தரக்கூடாதென்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. லோன் படிவத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

விற்றுக் கடனை மூடுங்கள். மிச்சத்தை அவசரத் தேவைக்கு வங்கியில் வையுங்கள். என்விடியா மேல் ஆசை தீரவில்லையா? சரி, பழைய ஈ.எம்.ஐயில் மாதம் 3,000 ஒதுக்கிச் சேர்த்து, சொந்தக் காசில் வாங்குங்கள். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்பினீர்களா என்று இந்த வாரமே ஆடிட்டரிடம் கேளுங்கள்.