கோன் தாவ் தீவைக் கெடாமல் வைத்தது யார்?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். கோன் தாவ் தீவில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், கூட்டமே இராது, இன்னும் கெடாத சொர்க்கம் என்கிறார்கள். ஆனால் சிறை, கல்லறை என்று காட்டி மனத்தைக் கனக்கச் செய்துவிடுகிறார்களாம். ஓய்வுக்கு வருகிறவர்களிடம் பழைய ரணத்தை ஏன் கிளற வேண்டும்? அவற்றை இடித்துவிட்டுத் தீவைத் தீவாக விடக் கூடாதா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: கூடாது. நீங்கள் ஆசைப்படும் அந்தக் கெடாத கடற்கரையே சிறை விட்டுப்போன சொத்துதான். 1862-இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே சிறை அமைத்தார்கள். 1975 வரை, 113 ஆண்டுகள், விலங்கோடு வந்தவர்களும் அவர்களைக் காவல் காத்தவர்களும்தான் பெரும்பாலும் அந்த மண்ணை மிதித்தார்கள். ஓட்டலும் கடைத்தெருவும் வராமல் போனதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. சுமார் 20,000 பேர் அங்கே மாண்டிருக்கிறார்கள் என்பது கணக்கு. கடலுக்குள் நீளும் கல் பாலத்துறைக்கு 914 என்று பெயர். அதைக் கட்டும்போது செத்த கைதிகளின் எண்ணிக்கை அது என்று சொல்கிறார்கள். மாலையில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம்.

இடித்துவிடலாமே என்கிறீர்கள். மறைத்தே வைத்திருந்த காலமும் உண்டு. 1970 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் சிறையைப் பார்க்கப் போனார்கள். கூடவே டாம் ஹார்கின் என்ற இளம் உதவியாளரும், வியட்நாம் மொழி தெரிந்த டான் லூஸும். அழைத்துப்போன அமெரிக்க அதிகாரி, அது சாரணர் முகாம் மாதிரி இருக்கும் என்றாராம். இவர்கள் கையிலோ விடுதலையான மாணவர் ஒருவர் வரைந்து கொடுத்த படம் இருந்தது. காய்கறித் தோட்டத்தை ஒட்டி, இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு சிறு கதவைத் தேடிப் போனார்கள். வெளியே பேச்சுக் குரல் கேட்டு, உள்ளே இருந்த காவலரே கதவைத் திறந்துவிட்டார். அதுதான் புலிக்கூண்டு. தலைக்கு மேல் கூரைக்குப் பதில் இரும்புக் கம்பிகள். அவற்றின் மேல் காவலர் நடக்கும் பாதை. அங்கே வாளிகளில் சுண்ணாம்புத் தூள். தண்ணீர் கேட்டுக் குரல் எழுப்பிய கைதியின் தலையில் கொட்டுவதற்கு. ஹார்கின் எடுத்த படங்கள் அதே மாதம் 'லைஃப்' இதழில் வந்தன, உலகம் அதிர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அந்தக் கூண்டுகளை அமெரிக்கத் துணையோடு, அன்றைய தென் வியட்நாமை ஆண்ட சைகோன் அரசு நிரப்பி வைத்திருந்தது. இப்போது அந்தக் கம்பிகளின் மேல் நின்று நீங்களும் கீழே குனிந்து பார்க்கலாம். காவலர் நின்ற அதே இடத்தில் நம் கால் நிற்கிறது என்பது உறைக்கும். உறைக்கட்டும். இதை இடித்தால் அந்தக் காய்கறித் தோட்டத்தை மறுபடியும் நட்டு வைத்ததாகத்தான் அர்த்தம்.

இன்னொன்று. அங்கே வரும் வியட்நாம் மக்கள் யாரும், தங்களைக் கட்டாயப்படுத்தி மனத்தைக் கனக்க வைப்பதாக நினைப்பதில்லை. ஹாங் ஸுவாங் கல்லறைத் தோட்டத்துக்கு இரவில் கூட்டமாகப் போகிறார்கள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடி, 1952-இல், இருபது வயது நிறையாமலே சுட்டுக் கொல்லப்பட்ட வோ தி சாவ் என்ற பெண்ணின் கல்லறையில் வெள்ளைப் பூக்களோடு சீப்பும் கண்ணாடியும் வைக்கிறார்கள். வயதுப் பெண்ணுக்கு என்ன வாங்கிக் கொடுப்போமோ அது. சுற்றிலும் பெயரில்லாத கல்லறைகளே அதிகம். அவற்றுக்கும் ஊதுபத்தி உண்டு. அவர்களுக்கு அது நம் வீட்டுத் திதி மாதிரி.

குடும்பத்தோடு தாராளமாகப் போங்கள். 1993 முதல் அது தேசியப் பூங்கா. பை கான் தீவில் இரவில் பச்சை ஆமை கரையேறி முட்டையிடுவதைக் குழந்தைகள் பார்க்கட்டும். ஆனால் முதல் நாளே சிறைக்குப் போய்விடுங்கள், கடைசி நாள் மிச்ச நேரத்துக்கு அதைத் தள்ள வேண்டாம். சின்னப் பிள்ளைகளைக் கூண்டுக்குள் கூட்டிப்போக மனம் வரவில்லையென்றால் வெளியே நிழலில் உட்கார்த்தி வையுங்கள். தெருவெல்லாம் வாதாங்கொட்டை மரங்கள். நம் ஊரில் கல்லால் தட்டித் தின்போமே, அதே மரம். பட்டினியில் கைதிகள் இதன் இலைகளைத் தின்று உயிர் பிடித்திருக்கிறார்கள். இப்போது அதன் பருப்பை வறுத்து, பாகில் புரட்டிக் கடைகளில் விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்; அந்த இலையின் கதையையும் அங்கேயே வைத்துச் சொல்லிவிடுங்கள்.