கடுமையாக உழைத்துக் குடும்பத்துக்காகவே வாழ்ந்த போர்த்துக்கேயக் குடியேறிகளின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது?

கேள்வியில் உழைப்பையும் குடும்பப் பற்றையும் தனித்தனியே குறிப்பிட்டிருக்கிறீர்கள். கனடாவின் ரொறன்ரோ நகரில், டன்டாஸ் மேற்கு வீதிக்கு அருகில், அட்லாண்டிக் கடலில் போர்த்துக்கலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகளைச் சேர்ந்த ஒருவரின் வீட்டு நிலக்கீழ்த் தளத்தில் 1990களில் வாடகைக்கு இருந்தவன் என்ற முறையில், அந்தத் தலைமுறையினரிடம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்றே சொல்வேன். அவர்கள் உழைத்த ஒவ்வொரு மணி நேரமும் வீட்டுக்கடனிலோ, ஊரிலிருந்து வரவேண்டிய ஒருவரின் பயணச் செலவிலோ போய்ச் சேர்ந்தது.

கனடா அரசின் ஏற்பாட்டில் வந்த முதல் போர்த்துக்கேயத் தொழிலாளர் குழு, 1953 மே 13 அன்று சட்டூர்னியா என்ற கப்பலில் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தை அடைந்தது. அந்த 85 ஆண்களும் பண்ணை வேலைக்கும் ரயில் பாதை வேலைக்குமாக அழைக்கப்பட்டவர்கள். அவர்களைத் தொடர்ந்து வந்தோரில் பெரும்பாலோர் அசோரஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள். அங்கே நிலம் சிலரின் கையில் இருந்தது. கூலி வேலையும் ஆண்டு முழுவதும் கிடைக்கவில்லை. அப்போது போர்த்துக்கலை ஆண்ட சலாசாரின் சர்வாதிகார ஆட்சியில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளோடு முடிந்துவிடும். போர்த்துக்கலின் ஆபிரிக்கக் காலனிகளில், 1961இல் அங்கோலாவிலும், பின்னர் கினி-பிசாவிலும் மொசாம்பிக்கிலும் போர் மூண்டதும், மகன்களைக் கட்டாயப் படைச் சேவையிலிருந்து காப்பாற்ற வேண்டிய கவலையும் பெற்றோருக்குச் சேர்ந்தது. எங்கள் வீட்டுக்காரரும் அந்த அழைப்பு வருமுன், முன்னரே இங்கு வந்திருந்த தாய்மாமனின் பொறுப்பில், சாவோ மிகுவேல் தீவிலிருந்து பதின்ம வயதிலேயே வந்தவர்.

ரொறன்ரோவில் அப்போது தொடர்மாடிகள் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தன. இத்தாலியர்கள் முன்னரே காலூன்றியிருந்த கட்டடத் தொழிலில், கொங்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைப்பதும் கம்பி கட்டுவதும் பள்ளம் தோண்டுவதும் போர்த்துக்கேயரின் கைக்கு வந்தன. ஆங்கிலம் தெரியாதது அங்கே பெரிய தடையாக இருக்கவில்லை, ஏனெனில் மேற்பார்வையாளர் முதல் உதவியாள் வரை ஒரே ஊர்க்காரர்களாக இருந்த குழுக்களும் உண்டு. ஆனால் அதே காரணத்தால் பலர் கடைசிவரை ஆங்கிலம் கற்காமலே போனார்கள். கடுங்குளிரில் வேலை நின்றுவிட்டால் வேலையில்லாக் காப்புறுதிப் பணம்தான் கைகொடுத்தது. ஓய்வூதியம் என்று ஒன்று அவர் கைக்கு வந்ததற்குத் தொழிற்சங்கமே காரணம் என்று வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். அவருடைய முழங்கால்களை அது திருப்பித் தரவில்லை என்பது வேறு விடயம்.

இந்தக் கதையைத் தந்தையை மட்டும் நாயகனாக்கிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர் அதிகாலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவார். மனைவி சமைத்து வைத்துவிட்டு, நகர மையத்து அலுவலகக் கோபுரங்களைத் துப்புரவு செய்ய இரவு வேலைக்குப் போவார். 1984இல், 72 மாடிகள் கொண்ட ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் கட்டடத்தில் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்ற துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இத்தகைய போர்த்துக்கேயப் பெண்களே. கணவனும் மனைவியும் வார நாட்களில் சேர்ந்து உண்டது அரிது. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியும் அதன் பின்னான மதிய உணவும் எந்தக் காரணத்துக்காகவும் தவறாததன் பொருள் எனக்கு அதைப் பார்த்த பிறகே விளங்கிற்று.

சேமிப்பு முழுவதும் வீட்டுக்கே போனது. மேல்தளத்தையும் நிலக்கீழ்த் தளத்தையும் வாடகைக்கு விட்டு, நடுவில் குடும்பம் நெருக்கியடித்து வாழ்ந்து, கடனை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். முகப்பில் புனிதரின் படம் தீட்டிய ஓடு, முன்முற்றத்தில் புல்லுக்குப் பதிலாகக் கோவா (முட்டைக்கோஸ்) செடிகள், பின்புறத்தில் திராட்சைப் பந்தல் என்று அந்தத் தெருவில் பல வீடுகள் இருந்தன. இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாத் திராட்சையைப் பெட்டி பெட்டியாக வாங்கி நிலக்கீழ் அறையில் வைன் போடுவார்கள். அந்த மணம் என் உடுப்புகளில் வாரக்கணக்கில் தங்கியிருந்தது.

பிள்ளைகள் விடயத்தில்தான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வீட்டுக்காரரின் மூத்த மகன் 16 வயதில் பள்ளியை விட்டுத் தந்தையுடன் கட்டட வேலைக்குப் போனார். அது அக்காலத்தில் அச்சமூகத்தில் அரிதான முடிவல்ல; போர்த்துக்கேய மாணவர்கள் பள்ளியிலிருந்து இடைவிலகுவதைப் பற்றி ரொறன்ரோக் கல்விச் சபை நெடுங்காலம் கவலைப்பட்டது. நான்காம் வகுப்போடு நின்ற தந்தைக்கு 16 வயதுவரை படித்ததே பெரிய படிப்பு. உடனே சம்பளம் கொண்டுவருவதுதான் குடும்பப் பொறுப்பு. அது பாசமின்மையால் நேர்ந்ததன்று, ஆனால் அதன் விலையை மகனே கொடுத்தார். இளைய மகள் பல்கலைக்கழகம் போனபோது கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்தியவரும் அந்த அண்ணன்தான். பிள்ளைகள் இருவரும் பின்னர் ரொறன்ரோவை அடுத்த மிசிசாகா நகரில் வீடு வாங்கி அழைத்தும் பெற்றோர் போக மறுத்துவிட்டனர். தேவாலயமும், பழைய வேலைத் தோழர்கள் கூடும் கோப்பிக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.