மருத்துவ சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள், மகள் காட்டுகிற படிப்பைப் பாருங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் அரசு ஒதுக்கீட்டுக்கு எட்டவில்லை. நிலத்தை விற்றாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்கிறார் தாய்மாமா. மகளோ கிறிஸ்டி டர்லிங்டன் என்ற அமெரிக்க மாடலைப் பற்றியே பேசுகிறாளாம். "மாடலிங் போறேன்னு கிளம்பிடுவாளோன்னு ராத்திரி தூக்கமில்லை சார்."

அம்மா, உங்கள் கடிதத்தின் நடுவில் மகள் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது: "அவங்க பிரசவத்துல சாகுற பொம்பளைங்களுக்காக வேலை செய்றாங்கம்மா." அதைப் படித்த பிறகு உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அவள் சொல்வதை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அந்தப் பெண்மணி யாரென்று பாருங்கள். 1969-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அப்பா விமானி, அம்மா எல் சால்வடார் நாட்டுக்காரர். பள்ளி வயதில் குதிரைச் சவாரி செய்யும்போது ஒரு போட்டோகிராபர் கண்ணில் பட்டார். பிறகு கால்வின் க்ளைன் விளம்பரங்களில் உலகமே அறிந்த முகம். அந்தப் புகழ் இருக்கும்போதே, 1990-களின் நடுவில் மாடலிங்கைக் குறைத்துக்கொண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1999-ல் பட்டம் வாங்கினார். இடையில் 1997-ல் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். தானும் சின்ன வயதிலேயே புகைக்கத் தொடங்கி, பிறகு கைவிட்டவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, புகைப்பழக்கத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

2003-ல் முதல் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி சரியாக வெளியேறாமல் ரத்தப்போக்கு. தேர்ந்த மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார். 2005-ல், இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கும்போது, அம்மாவின் நாட்டுக் கிராமங்களுக்குப் போனார். இதே சிக்கல் அங்கே வந்திருந்தால் தன் கதி என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படிக்கச் சேர்ந்தார். தான்சானியா, வங்கதேசம், குவாத்தமாலா, அமெரிக்கா நான்கிலும் கர்ப்பிணிகள் படும் பாட்டை ஆவணப்படமாக எடுத்தார். 2010-ல் 'எவ்ரி மதர் கவுண்ட்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே அதற்காக நியூயார்க் மாரத்தான் ஓடினார். பல நாடுகளில் பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருக்கிற தூரமே உயிரை வாங்குகிறது என்பதை மக்களுக்கு உணர்த்தத்தான் அந்த ஓட்டம்.

உங்கள் மகள் ஆசைப்படுவது இந்த இரண்டாம் பாதிக்கு. அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது: பொது சுகாதாரம். எம்.பி.பி.எஸ். இல்லாமலும் அதில் நுழையலாம். மாமாவுக்கு அதன் பேர் தெரியவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

பொது சுகாதாரம் என்றால் கொசு மருந்து அடிப்பது என்று நினைக்கிறோம். இந்தியாவிலேயே முதலில், 1939-லேயே, அதற்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. தனி இயக்குநரகமே இருக்கிறது. ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். பிரசவத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால் அதைத் தணிக்கை செய்வார்கள். வலி எப்போது எடுத்தது? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் யார் முடிவெடுத்தார்கள், எத்தனை மணி நேரம் கழித்து? ஆம்புலன்ஸ் எப்போது வந்தது? முதலில் போன இடத்தில் ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து டாக்டர் இருந்தாரா? முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கத் தாமதம் என்று மூன்றாகப் பிரித்து, எங்கே உயிர் போனது என்று கண்டுபிடிப்பார்கள். இன்னொரு பெண் அதே இடத்தில் சாகாமலிருக்க வழி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஸ்டெதாஸ்கோப் பிடிக்கிறவருக்கு இணையாக, கணக்குத் தெரிந்தவரும் மனிதர்களிடம் பேசத் தெரிந்தவரும் இந்தத் துறைக்குத் தேவை.

வழி இதுதான். முதலில் ஒரு இளநிலைப் பட்டம். மகளுக்குக் கணக்கு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் என் முதல் சிபாரிசு பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இருக்கிறது, கட்டணம் உங்களுக்குப் பாரமாக இருக்காது. நோயாளிகளோடு நேரடியாக இருக்க ஆசையென்றால் பி.எஸ்சி. நர்சிங். மக்களிடம் போய்ப் பேசப் பிடித்தால் சமூகப்பணி. அப்புறம் எம்.பி.எச். என்கிற, பொது சுகாதாரத்தில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. வேலூர் சி.எம்.சி., ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாவற்றிலும் உண்டு. யாரைச் சேர்ப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். டாடாவில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். மற்ற இடங்களின் தகுதி விவரத்தைப் பார்த்துவிட்டு இளநிலையைத் தேர்ந்தெடுங்கள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் தொண்டு நிறுவனங்களிலோ அரசுத் திட்டங்களிலோ ஒப்பந்த வேலையாகத்தான் கிடைக்கும், டாக்டர் சம்பளம் வராது. ஆனால் கடன் இல்லாமல் தொடங்குவாள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மருத்துவப் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடுகிறது. உங்கள் நிலத்தை விற்றாலும் அதில் பாதிதான் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதிக் கடனை யார் அடைப்பது? மாமாவா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: அவள் கேட்காத சீட்டுக்காக அந்த நிலத்தைத் தொடாதீர்கள்.

ஒருவேளை அவளுக்கு மாடலிங்கும் பிடித்திருந்தால் அது பாவமில்லை. படித்துக்கொண்டே ஜவுளிக்கடை விளம்பரம் செய்யட்டும். ஆனால் போர்ட்ஃபோலியோ (மாடலின் போட்டோ தொகுப்பு), பயிற்சி என்று முன்பணம் கேட்கிற இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒழுங்கான ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்திலிருந்துதான் கமிஷன் எடுக்கும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். புதன்கிழமை தடுப்பூசி போடும் நாளில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது அங்கேயே உட்காரட்டும், அவர் பதிவேட்டில் என்னென்ன எழுதுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். திரும்பி வந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை மாமா சொன்ன மருத்துவ சீட்டு ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.