வாசகர் கேள்வி: ஜெர்மனியில் கட்டணமின்றிப் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் இராமநாதபுரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஜெர்மனியில் கட்டணமே இல்லாமல் கடல் உயிரியல் படிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? விசைப்படகை அடமானம் வைத்தாவது அனுப்ப நினைக்கிறேன்.
– வாசகர், மண்டபம்

பதில்: பெரும்பாலும் உண்மைதான். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை, மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கக்கூடிய தனிக்கணக்கில் செலுத்திக் காட்டுவதே வழக்கமான முறை (2024 செப்டம்பர் முதல் உள்ள தொகை). இதற்கு வங்கிக் கல்விக்கடனை முதலில் விசாரியுங்கள். தொழிலுக்கு ஆதாரமான படகில் கை வைக்க வேண்டாம்.

மதிப்பெண் முறையும் தலைகீழானது: 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. கட்டாயப் பாடமொன்றில் மூன்றாம் முறையும் தவறினால், பல பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பையே விட்டுவிட நேரும். எத்தனை அரியர் வைத்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நம்மூர்த் துணிச்சல் அங்கே செல்லாது. பிரேமன் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் முதுகலைப் படிப்பு ஆங்கில வழியிலேயே உண்டு.