கறிவேப்பிலையின் வாசம் புழுவை ஏன் விரட்டவில்லை?

கேள்வி: மாடித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் புழுக்கள் இரண்டே நாளில் மொட்டையடித்துவிடுகின்றன. இத்தனை வாசமுள்ள இலையை எப்படித் தின்கின்றன? வேப்பெண்ணெய் அடித்தும் சாகவில்லையே, என்ன செய்வது?

பதில்: அந்த வாசம் செடியின் தற்காப்புதான். இலையில் ஆவியாகும் எண்ணெய்களும், மகானிம்பின் போன்ற ஆல்கலாய்டுகள் எனும் கசப்பான வேதிப்பொருள்களும் இருக்கின்றன. கண்டதையும் தின்னும் பூச்சிகளுக்கு இவை ஒத்துவராது. உங்கள் செடியில் இருப்பது அநேகமாக எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என ஒரே குடும்பச் செடிகளைத் தின்றே வாழும் இனம் இது. இலையின் நச்சைச் சிதைக்கும் நொதிகள் அதன் உடலில் உண்டு. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி, அதன் வேதிப்பொருளைச் சுவைத்து உறுதி செய்த பிறகே முட்டையிடுகிறது. மற்ற பூச்சிகளை விலக்கும் அதே பொருள்தான் இதற்கு முகவரிப் பலகை.

கடிபட்ட பிறகும் செடிகள் சும்மா இருப்பதில்லை. தக்காளியில் ஓர் இலை கடிபட்டால், கடிபடாத இலைகளிலும் புழுவின் செரிமானத்தைத் தடுக்கும் புரதம் சேர்வதை அமெரிக்காவில் உயிர்வேதியியலாளர் கிளாரன்ஸ் ரயானும் உடன் பணியாற்றியவரும் 1972-ல் காட்டினார்கள். ஆனால் அதற்குப் பல மணி நேரம் ஆகும். தொட்டிச் செடியில் நாலைந்து பெரிய புழுக்கள் இருந்தால் அதற்குள் இலையே தீர்ந்துவிடும்.

வேம்பு வேலை செய்யும், ஆனால் தொட்டதும் கொல்லாது. அதிலுள்ள அசாடிராக்டின் தின்பதைக் குறைத்து, தோலுரிப்பைக் குலைக்கிறது. பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். பறவை எச்சம் போலிருக்கும் இளம் புழுவுக்கே அது ஏற்றது. பச்சையாகிப் பெருத்த புழுவைக் கையால் எடுங்கள். தொட்டால் செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது.

50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் வழுவழுப்பான இலையில் ஒட்டும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைவதால் மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை போதும். பூஞ்சணம் பிடித்த பழைய கொட்டையும், நாள்கணக்கில் வைத்த கரைசலும் பயன் தராது. அடித்த பின் ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம்.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்தால் மெல்லிய துளிர் ஓயாமல் வரும், பூச்சி தேடுவது அதைத்தான். வாரம் இருமுறை கொழுந்தைப் புரட்டி, குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டைகளை நசுக்கிவிட்டால் மருந்தே பெரும்பாலும் தேவைப்படாது. கொல்ல மனமில்லாதவர்கள் புழுக்களை அருகிலுள்ள பெரிய எலுமிச்சை, நாரத்தை மரத்தின் கொழுந்தில் விடலாம்.