சோதனையிலேயே வெடித்த தனியார் விண்கலத்தை நம்பி விண்வெளி வீரர்கள் எப்படி ஏறுகிறார்கள்?

நீங்கள் கேட்பது 2019 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் வெடித்ததைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், அது வெடித்ததால்தான் நம்பி ஏறலாம் என்பேன்.

அதே கலம் முந்தைய மாதம்தான் ஆளில்லாமல் விண்வெளி நிலையம் வரை போய், பத்திரமாகக் கடலில் இறங்கியிருந்தது. எல்லாரும் கைதட்டியும் ஆயிற்று. அப்புறம் அதைக் கேப் கனாவரலில் தரையில் பொருத்தி, ஆபத்து வந்தால் காப்ஸ்யூலை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் சூப்பர்டிராகோ எஞ்சின்களை இயக்கப் பார்த்தார்கள். எஞ்சின் பற்றுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் கலமே சிதறிவிட்டது. என்ன நடந்ததென்றால், ஒரு வால்வு கசிந்து, எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடு கொஞ்சம், எரிபொருளை அழுத்தித் தள்ளும் ஹீலியம் வாயுவின் குழாய்க்குள் போய்த் தேங்கியிருக்கிறது. ஹீலியத்தை முழு அழுத்தத்தில் திறந்துவிட்டதும் அந்தத் திரவம் தோட்டா மாதிரி பாய்ந்து டைட்டானிய வால்வில் மோத, டைட்டானியமே தீப்பிடித்துக்கொண்டது. காலகாலமாக ராக்கெட்டுகளில் புழங்கும் உலோகம் அது, இப்படிப் பற்றும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த வால்வுகளை எடுத்துவிட்டு, அழுத்தம் ஏறினால் மட்டும் கிழிந்து வழிவிடும் தகடுகளை வைத்தார்கள்.

அதோடு விடவில்லை. 2020 ஜனவரி 19 அன்று ஒரு ஃபால்கன் 9 ராக்கெட்டையே பலி கொடுத்து, பறந்துகொண்டிருக்கும்போதே காப்ஸ்யூல் தப்பிக்கிறதா என்று பார்த்தார்கள். தப்பித்தது. மே 30 அன்று நாசா வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் ஏறினார்கள்.

வீரர்களை நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் இதே வேலைக்கு 2014இல் நாசா போயிங்குக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர், போயிங்குக்கு 420 கோடி. அனுபவம் அதிகம், பணமும் அதிகம். ஆனால் பறக்கும்போது தப்பிக்கும் சோதனையைச் செய்யாமல் கணக்குப் போட்டே காட்டிக்கொள்கிறோம் என்றார்கள் (ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது, விதிமீறல் இல்லை). மென்பொருளையும் முழுப் பயணத்துக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டிப் பார்க்காமல் துண்டு துண்டாகச் சோதித்தார்கள். 2019 டிசம்பரில் போயிங்கின் கலமான ஸ்டார்லைனர் ஆளில்லாமல் கிளம்பியபோது அதன் கடிகாரம் 11 மணி நேரம் தப்பாக இருந்தது. எரிபொருளைக் கன்னாபின்னாவென்று செலவழித்துவிட்டு, நிலையத்துக்கே போகாமல் திரும்பியது. திரும்பும் முன் இன்னொரு மென்பொருள் பிழையும் அகப்பட்டது, நல்லவேளை.

கடிகாரத்தைவிட எனக்கு உறுத்துவது, கலத்தைத் திருப்பவும் நகர்த்தவும் உதவும் சின்ன எஞ்சின்களான த்ரஸ்டர்கள் விஷயம். 2022 மே மாத ஆளில்லாப் பயணத்திலேயே சில த்ரஸ்டர்கள் நின்றுபோயின. அதை வேரோடு பிடிக்காமல் 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரையும் சுனிதா வில்லியம்ஸையும் ஏற்றினார்கள். ஹீலியம் கசிந்தது, நிலையத்தை நெருங்கும்போது ஐந்து த்ரஸ்டர்கள் செயலிழந்தன, நான்கு மட்டும் பிறகு மீண்டன. இருவரும் மேலே காத்திருக்க, நாசாவின் வைட் சாண்ட்ஸ் சோதனைத் தளத்தில் அதே மாதிரி த்ரஸ்டரை எரித்துப் பார்த்தபோதுதான், சூட்டில் உள்ளே ஒரு டெஃப்லான் சீல் உப்பி எரிபொருள் வரத்தைக் குறுக்குகிறது என்று தெரிந்தது. இந்தச் சோதனையை இரண்டு வருஷம் முன்பே, தரையில் ஆற அமரச் செய்திருக்கலாம்.

சரி, எப்படி நம்பி ஏறுகிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதில்லை. சுனிதா, ஹர்லி, பென்கன், எரிக் போ ஆகிய நால்வரை 2015லேயே நாசா இந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்து, இரண்டு நிறுவனங்களின் பொறியாளர்களோடும் உட்கார வைத்தது. உயிரிழப்பு வாய்ப்பு 270இல் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று நாசாவே எழுதி வைத்திருக்கிறது. ஆபத்தே இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

2024 செப்டம்பரில் ஸ்டார்லைனர் காலியாக வந்து நல்லபடியாகத் தரை இறங்கியதும், "அப்போ அதிலேயே வந்திருக்கலாமே, 2025 மார்ச் வரை ஏன் காத்திருந்து டிராகனில் வரணும்?" என்று பலர் கேட்டார்கள். இறங்கிய பிறகு சொல்வது சுலபம். கலத்தைக் காலியாகவே திருப்பி அனுப்புவதென்று ஆகஸ்ட் 24 அன்று நாசா முடிவெடுத்தபோது, திரும்பும் வழியில் அந்த த்ரஸ்டர்கள் எத்தனை நேரம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.